பழைய பிக்கப்ல எம்பிஎஃப்ஐ இன்ஜின்: ஈசிஎம் மாத்தியும் தீராத கோளாறு, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 1960கள்ல மஹிந்திரா பண்ண வில்லிஸ் வகை பிக்கப். வட சென்னையில ஒரு குடும்பத்துக்கிட்ட ரெண்டு தலைமுறையா இருக்கு. முதல் தலைமுறையில அது காசிமேடு துறைமுகத்துல இருந்து ஐஸ் பெட்டியும் மீன் கூடையும் ஏத்திட்டு போன வண்டி. இதை முதல்லயே சொல்றதுக்கு காரணம் இருக்கு, ஐஸ் உருகி உப்புத் தண்ணி பலகை சந்து வழியா சேஸிஸ் மேல வருஷக்கணக்கா சொட்டியிருக்கு, பின்னாடி வந்த கோளாறுல பாதி அங்க தொடங்குனதுதான்.

ஒரிஜினல் இன்ஜின் 2.2 லிட்டர் நாலு சிலிண்டர் ஹரிக்கேன் பெட்ரோல், கார்புரேட்டர். ரீபோர் (சிலிண்டரை கடைஞ்சு அகலப்படுத்தறது) அளவெல்லாம் தாண்டி, ஹெட்ல கிராக் விட்டு, பார்ட்ஸ் தேடி அலுத்துப்போன நிலையில, இப்போ வண்டியை வச்சிருக்கற மகன் (இனிமே ஓனர்னு சொல்றேன்) இன்ஜின் மாத்தறதுன்னு முடிவு பண்ணிட்டார். பழைய வண்டி பார்ட்ஸ் விக்கற புதுப்பேட்டையில மாருதி ஜிப்ஸியோட 1.3 லிட்டர் 16 வால்வ் எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்கு பதிலா இன்ஜெக்டர் வழியா பெட்ரோல் போற) இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்த்து கிடைச்சுது. நீளவாக்குல உக்கார்ற இன்ஜின், பின் சக்கரத்துக்கு ஷாஃப்ட் போற அமைப்பு, அதனால மெக்கானிக்கலா பாத்தா நியாயமான தேர்வுதான். குதிரைத் திறன் பழசை விட கொஞ்சம் கூட, 80 பிஎச்பி. ஆனா டார்க் கம்மி, 103 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 4500 ஆர்பிஎம்ல. பழைய இன்ஜின் அடிமட்டத்துலயே இழுக்கும், இது சுத்தினாத்தான் இழுக்கும். லோடு அடிக்கற எண்ணம் ஓனருக்கு இல்லாததால இது ஒரு பெரிய குறையா படல.

இன்ஜினை உக்கார வச்ச ஒர்க்‌ஷாப் அந்த வேலையை நல்லாவே பண்ணியிருந்தாங்க. சேஸிஸ்ல எங்கயும் வெட்டல, வெல்டிங் இல்ல, எல்லா பிராக்கெட்டும் போல்ட்ல நிக்குது. வயரிங் வேற ஒருத்தர் பண்ணது. கோளாறு அங்கதான் ஆரம்பிச்சுது.

வண்டி எங்க கைக்கு வந்தப்போ

2023 மே மாசம், கத்திரி வெயில் நேரம். இந்த வேலையில மூணு பேர் இருந்தோம். அம்பத்தூர்ல ரொம்ப வருஷமா ஆட்டோ எலக்ட்ரிக்கல் பாக்கற ஒரு மாஸ்டர், அவர்கிட்ட வேலை பாக்கற ஒரு தம்பி, வயரிங் படம் படிச்சு குறிப்பெடுத்து குடுக்கற வேலைக்கு நான்.

ஓனர் சொன்ன கதை இது. காலையில முதல் செல்ஃப்லயே ஸ்டார்ட் ஆயிடும். அரை மணி நேரம் ஓட்டி நிறுத்திட்டு திரும்ப எடுத்தா செல்ஃப் மொண்ணையா சுத்தும், இன்ஜின் பிடிக்காது. ஹெட் லைட் போட்டா ஐடில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காதப்போ இன்ஜின் சுத்தற வேகம்) ஏறி இறங்கும். ஹாரன் அடிச்சா ஒரு நொடி இன்ஜின் தடுமாறும். செக் லைட் எப்பவும் எரியும். ஸ்கேனர் போட்டா ஒரு நாள் மேப் சென்சார்ங்குது (இன்ஜினுக்குள்ள போற காத்தோட அழுத்தத்தை அளக்கறது), இன்னொரு நாள் த்ராட்டில் சென்சார்ங்குது (ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்குன்னு சொல்றது), கூலன்ட் சென்சார் மட்டும் எல்லா நாளும் வருது.

இதுக்கு முன்னாடி பாத்தவங்க ஸ்கேனர் சொன்னதை எல்லாம் வரிசையா மாத்தியிருக்காங்க. மேப், த்ராட்டில், கூலன்ட் சென்சார், ஃபியூவல் பம்ப் எல்லாம் மாத்தி, கடைசியா ஈசிஎம், அதாவது இன்ஜினை ஓட்டற கம்ப்யூட்டர் பெட்டி. அதுவும் சரி வரலன்னு இன்னொரு ஈசிஎம். "ஈசிஎம் போச்சு சார், வேற வழியில்ல"ன்னு சொல்லியே ரெண்டு தடவை காசு வாங்கியிருக்காங்க. கழட்டுன ஈசிஎம் ரெண்டையும் ஓனர் பையில போட்டு கொண்டு வந்தார். பின்னாடி ஒண்ணொண்ணா மாட்டி பாத்தோம், ரெண்டுமே நல்லா இருந்துச்சு.

மாஸ்டர் முதல் நாள் போட்ட ஒரே கட்டுப்பாடு, அளந்து பாக்காம இனிமே ஒரு பார்ட் கூட மாத்தறதில்ல. "சார், இத்தினி பார்ட்டும் ஒரே நேரத்துல கெட்டுப் போவுமா? எல்லாத்துக்கும் பொதுவா இருக்கறது எதுவோ அதைத் தேடணும்"னாரு.

கவனிச்சது 1: எர்த்

சென்சார்கள் எல்லாத்துக்கும் பொதுவானது ரெண்டுதான், ஈசிஎம் குடுக்கற 5 வோல்ட், அப்புறம் எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்கு திரும்பிப் போற பாதை. அதனால எர்த்ல ஆரம்பிச்சோம்.

டெஸ்ட் ரொம்ப எளிசு, எந்த மெக்கானிக்கும் எந்த மல்டிமீட்டர்லயும் பண்ணலாம், ஆனா பண்றவங்க கம்மி. ஃபியூவல் பம்ப் ஃபியூஸை கழட்டிடணும், இன்ஜின் ஸ்டார்ட் ஆகக்கூடாது. மீட்டரை டிசி வோல்ட்ல வச்சு கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவ் போஸ்ட் மேலயே வைக்கணும், கிளாம்ப் மேல இல்ல, போஸ்ட் மேல. சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்ல பெயின்ட் இல்லாத இடத்துல குத்தணும். செல்ஃப் அடிக்கணும். நல்ல எர்த்னா 0.2 வோல்ட்டுக்குள்ள நிக்கணும். இந்த வண்டியில 1.3 வோல்ட் காட்டுச்சு.

எர்த் சரியா இருக்கான்னு ஓம்ஸ்ல வச்சு "பீப்" சத்தம் வருதான்னு பாக்கறதுதான் வழக்கமா நடக்குது. முன்னாடி பாத்தவங்களும் அதைத்தான் பண்ணியிருக்கணும், ஏன்னா ஓம்ஸ்ல இந்த வண்டி எர்த் நல்லா பீப் அடிக்குது. ஒரு நூல் கம்பி ஒட்டிட்டு இருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும், மீட்டர் அனுப்பறது மில்லி ஆம்ப் கரண்ட்தானே. செல்ஃப் மோட்டார் இழுக்கறது நூறு ஆம்பியருக்கு மேல. அந்த லோடு போறப்போ அளந்தாத்தான் உண்மை தெரியும்.

பேட்டரி நெகட்டிவ் கேபிள் எங்க போகுதுன்னு தொடர்ந்து போனோம். சேஸிஸ் ரெயில்ல ஒரு போல்ட்ல முடியுது. போல்ட்டை கழட்டினா லக்குக்கு (கேபிள் முனையில இருக்கற வளையம்) அடியில கருப்பு பெயின்ட், பெயின்ட்டுக்கு அடியில துரு, செதில் செதிலா. தம்பி ஸ்க்ரூ டிரைவரால சுரண்டினப்போ பிஸ்கட் தூள் மாதிரி கொட்டுச்சு. அங்க இருந்து கரண்ட் ரிவெட் அடிச்ச கிராஸ் மெம்பர் வழியா இன்ஜின் மவுன்ட் வரைக்கும் போகணும், மவுன்ட்ல ரப்பர், ரப்பரை தாண்ட ஒரு மெல்லிசு பின்னல் பட்டை, அதுவும் பாதி அறுந்து பச்சை பிடிச்சு இருந்துச்சு. காசிமேட்டு உப்பு அத்தனை ரிவெட்டுக்குள்ளயும் ஏறியிருக்கு.

இதுல ஒண்ணு எனக்கு மறக்கல. ஆக்சிலரேட்டர் கேபிளோட மேல் உறை ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகடு) பக்கத்துல ஒரு இடத்துல உருகி வளைஞ்சிருந்துச்சு. சைலன்சர் பக்கத்துல எங்கயும் இல்ல, அப்புறம் எப்படி உருகும்? மாஸ்டர் தம்பியை செல்ஃப் அடிக்கச் சொல்லிட்டு கேபிள் மேல கை வச்சாரு, சட்டுனு எடுத்துட்டாரு, சூடு. எர்த் பாதை அடைச்சதால செல்ஃப் மோட்டார் கரண்ட்ல ஒரு பங்கு ஆக்சிலரேட்டர் கேபிள் கம்பி வழியா பாடிக்கு போயிட்டு இருந்திருக்கு. வண்டியில ஆக்சிலரேட்டர் கேபிளோ சோக் கேபிளோ ஸ்பீடோ கேபிளோ காரணமில்லாம சூடாச்சுன்னா, உருகிச்சுன்னா, முதல்ல எர்த்தை பாருங்க, வேற எதையும் தேட வேணாம்.

இதோட இன்னொண்ணும் சேர்ந்துச்சு. சென்சார் எர்த் ஒயர்களை, அதாவது ஈசிஎம்முக்குள்ள தனியா போக வேண்டிய கருப்பு ஒயர்களை, வயரிங் பண்ணவர் "எல்லாம் எர்த்துதானே"ன்னு டேஷ்போர்டு அடியில பாடில ஒரு ஸ்க்ரூவுல சேர்த்து மாட்டியிருந்தாரு. இங்கதான் பழைய வண்டிக்கும் இன்ஜெக்ஷன் வண்டிக்கும் வித்தியாசமே. ஒரு பல்புக்கு எர்த் அரை வோல்ட் ஏறினா கொஞ்சம் மங்கலா எரியும், அவ்வளவுதான். 5 வோல்ட்டுக்குள்ள கணக்கு போடற ஒரு மேப் சென்சாருக்கு எர்த் அரை வோல்ட் ஏறினா இன்ஜின் மேல இருக்கற லோடே மாறின மாதிரி ஈசிஎம் நினைச்சுக்கும். ஹெட் லைட் போட்டா ஐடில் ஆடினதும், ஹாரனுக்கு இன்ஜின் தடுமாறினதும், நாளுக்கு ஒரு சென்சார் கோட் வந்ததும் எல்லாம் இதனாலதான். சென்சார் எதுவும் பொய் சொல்லல, அதுங்க நிக்கற தரை ஆடிட்டு இருந்துச்சு.

கவனிச்சது 2: கரண்ட் வர்ற பாதை

செல்ஃப் அடிக்கறப்போ பேட்டரி போஸ்ட்ல 10.4 வோல்ட், அதே நேரம் ஈசிஎம் கப்ளர்ல (ஒயரெல்லாம் வந்து சொருகற பிளக்) பவர் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவுல 8.1. எர்த் பக்கம் 1.3 போச்சுன்னா மீதி ஒரு வோல்ட் பாசிட்டிவ் பக்கம் எங்கயோ போகுது.

ஈசிஎம், இன்ஜெக்டர், காயில், பம்ப் எல்லாத்துக்கும் கரண்ட் பழைய இக்னிஷன் சுவிட்ச்ல இருந்து நேரா வருது. அந்த சுவிட்ச் ஒரு காயிலுக்கும் ரெண்டு மீட்டருக்கும் கரண்ட் குடுக்க பண்ணது. அதுக்கு முன்னாடி பேட்டரியில இருந்து வர்ற ஒயர் டேஷ்போர்டு ஆம்ப் மீட்டர் வழியா சுத்தி வருது, துணி சுத்தின அந்தக் காலத்து ஒயர். ஆம்ப் மீட்டர் பின்னாடி நட்டு லூசு, தொட்டா சூடு. வண்டி சூடாகி ஒயரும் சூடாகி ரெசிஸ்டன்ஸ் ஏறி, செல்ஃப் மோட்டாரும் சூட்டுல கூட இழுக்கறப்போ ஈசிஎம்முக்கு இன்னும் கம்மியா கிடைக்கும், அது ரீசெட் ஆகி எழுந்திரிக்கறதுக்குள்ள ஓனர் சாவியை விட்டுடுவார். காலையில ஸ்டார்ட் ஆகி மதியம் ஆகாததுக்கு அர்த்தம் இதுதான்.

கவனிச்சது 3: கூலன்ட் சென்சார்

ஸ்கேனர்ல கூலன்ட் சூடு மைனஸ் 40 டிகிரி காட்டுது, மே மாசம், அம்பத்தூர்ல. சென்சாரை கழட்டி வெளிய அளந்தா ஒழுங்கா இருக்கு, வெந்நீர்ல போட்டா ரெசிஸ்டன்ஸ் இறங்குது. சிக்னல் ஒயரை தொடர்ந்து போனா நடுவுல ஒரு ஒட்டு, பழைய டேஷ்போர்டு டெம்பரேச்சர் மீட்டருக்கு ஒரு கிளை போகுது. பழைய மீட்டருக்கும் சூடு காட்டணும்னு ஒரே சென்சாரை பங்கு போட்டிருக்காங்க. மீட்டர் 12 வோல்ட்ல ஓடுறது, அது வழியா வர்ற கரண்ட் சிக்னல் ஒயரை 5 வோல்ட்டுக்கு மேல தூக்கிடுது. ஈசிஎம் பாஷையில வோல்ட் ஏறினா குளிர்னு அர்த்தம், எல்லையை தாண்டிட்டா சென்சாரே அறுந்துபோச்சுன்னு எடுத்துக்கும். அப்புறம் அது ஒரு உத்தேச சூட்டை வச்சுட்டுத்தான் ஓட்டும். இந்த ஒரு ஒட்டுக்காக சென்சார் புதுசா வாங்கி மாட்டியிருக்காங்க.

கவனிச்சது 4: பெட்ரோல் பக்கம்

இதுதான் எங்களை பயமுறுத்தினது. பம்ப் டேங்குக்கு வெளிய, டேங்கோட அடிமட்டத்தை விட உயரத்துல, சைலன்சர் பைப்புக்கு ஒரு ஜாண் தள்ளி. இந்த மாதிரி பம்ப் தள்ளும், உறிஞ்சாது, சூட்டுல இன்லெட் பக்கம் ஆவி கட்டினா பிரஷர் விழுந்துடும். ஹோஸ் கார்புரேட்டர் வண்டிக்கு போடற சாதாரண ரப்பர். கார்புரேட்டருக்கு 4, 5 பிஎஸ்ஐ போதும், இங்க 35, 40 பிஎஸ்ஐ நிக்குது. மேல விரல் வச்சு தேய்ச்சா விரல்ல பெட்ரோல் வாடை. இப்போ பங்க்ல கிடைக்கற பெட்ரோல்ல எத்தனாலும் கலந்து வருது, 2023ல இருந்து 20 சதவீதம் கலந்த ஈ20யும் வந்துடுச்சு, பழைய ரப்பர் அதுக்கு தாங்காது.

எல்லாத்துக்கும் மேல பம்ப்புக்கு ரிலேவே (சின்ன சிக்னலால பெரிய கரண்ட்டை விடற, நிறுத்தற சுவிட்ச்) இல்ல, சாவி போட்டா ஓடும், எடுத்தாத்தான் நிக்கும். ஒரிஜினல் அமைப்புல சாவி போட்டதும் ஈசிஎம் பம்ப்பை ரெண்டு மூணு நொடி மட்டும் ஓட்டும், அப்புறம் இன்ஜின் சுத்தற சிக்னல் வந்தாத்தான் தொடர்ந்து ஓட்டும். வண்டி எங்கயாவது மோதி இன்ஜின் நின்னா பம்ப்பும் நின்னுடணும்கறதுதான் அதோட நோக்கம். இந்த வண்டியில ஹோஸ் பிஞ்சா சூடான சைலன்சர் மேல பெட்ரோல் அடிச்சுட்டே இருந்திருக்கும். ஓனர்கிட்ட இதை சொன்னப்போ கொஞ்ச நேரம் பேசவே இல்ல, வீட்டு பசங்க பின்னாடி உக்காந்து போன வண்டி அது.

எடுத்த முடிவுகள், ஏன் அப்படி

பெரிய முடிவு ஒண்ணு, மத்ததெல்லாம் அதுக்குள்ள அடங்கும்: பழைய வண்டியோட வயரிங்கும் இன்ஜின் வயரிங்கும் ரெண்டு தனி வீடு. ஒண்ணோட ஒயரை வெட்டி இன்னொண்ணுல ஒட்டறதே கிடையாது. நடுவுல ஆறே ஒயர்தான் போகும். பேட்டரியில இருந்து நேரா ஒரு பாசிட்டிவ், எர்த், சாவி போட்டாச்சுங்கற சிக்னல், செல்ஃப் அடிக்கறாங்கங்கற சிக்னல், செக் லைட், சார்ஜ் லைட். இப்படி பிரிச்சா என்ன லாபம்னா, நாளைக்கு பின் லைட் ஷார்ட் ஆனாலும் இன்ஜின் நிக்காது, இன்ஜின்ல கோளாறு வந்தா எங்க தேடணும்னு தெரியும்.

வெட்டி ஒட்டின வயரிங் கிட்டை சரி பண்றதா, வேற வாங்கறதான்னு பேச்சு வந்துச்சு. ஒட்டு எல்லாம் சுருட்டி டேப் அடிச்சது, சென்னை வெயில்ல டேப் பசை உருகி வழிஞ்சு உள்ள காப்பர் கருத்துப் போச்சு. ஒவ்வொண்ணா பிரிச்சு சரி பண்ற கூலியை விட வெட்டாத கிட் வாங்கறது லாபம்னு மாஸ்டர் சொன்னாரு. புதுப்பேட்டையில தேடி, கப்ளர் எல்லாம் முழுசா இருக்கற ஒரு கிட், அதோட ரிலே பாக்ஸ், பம்ப் ஒயர் கடைசி கப்ளர் வரைக்கும் சேர்த்து வாங்கினோம். நீளம் கூட்ட வேண்டிய இடத்துல கிரிம்ப் பண்ணி (உலோகக் குழாய்ல விட்டு நசுக்கி இறுக்கி) பசை உள்ள ஸ்லீவ் போட்டு சுருக்கினோம். சால்டர் வேணாம்னு முடிவு பண்ணதுக்கு காரணம், பழைய லீஃப் ஸ்பிரிங் வண்டி அதிர்வுல சால்டர் முடியற இடத்துல ஒயர் ஒடியும்.

எர்த்துக்கு சேஸிஸை நம்பறதே விட்டுட்டோம். பேட்டரி நெகட்டிவ்ல இருந்து 35 ஸ்கொயர் எம்எம் கேபிள் நேரா இன்ஜின் பிளாக்குக்கு, பிளாக்ல இருந்து சேஸிஸுக்கு ஒண்ணு, சேஸிஸ்ல இருந்து கேபினுக்கு ஒண்ணு. லக் உக்கார்ற இடம் எல்லாம் பளபளன்னு இரும்பு தெரியற வரைக்கும் தேய்ச்சு, முறுக்கினதுக்கு அப்புறம் மேல கிரீஸ். ஈசிஎம்மோட பவர் எர்த் பிளாக்குக்கு, சென்சார் எர்த் ஈசிஎம்முக்குள்ள மட்டும், வேற எங்கயும் தொடாது. இன்ஜின் சுத்தறதை ஈசிஎம்முக்கு சொல்ற பொசிஷன் சென்சார் ஒயரை சுத்தியிருக்கற ஷீல்டும் ஒரு முனையில மட்டும்தான் எர்த்.

பவருக்கு மெயின் ரிலே. பழைய சாவி சுவிட்ச் இப்போ ரிலே காயிலை மட்டும் எழுப்புது, கால் ஆம்பியர் கூட இழுக்காது. செல்ஃப் அடிக்கறப்போ அந்த சுவிட்ச்ல இக்னிஷன் கரண்ட் அறுந்து போகுதான்னு தனியா பாத்தோம், பல பழைய சுவிட்ச்ல அப்படி போகும், இதுல போகல.

ஆம்ப் மீட்டர் விஷயத்துல ஓனருக்கும் மாஸ்டருக்கும் வாக்குவாதம். மாஸ்டர் கழட்டணும்னாரு. ஓனர், "மாஸ்டர், அப்பா அந்த முள்ளை பாத்துத்தான் வண்டி எடுப்பாரு, அது மட்டும் ஆடணும்"னார். கடைசியா ஆல்டர்னேட்டர் சார்ஜ் நேரா பேட்டரிக்கு போற மாதிரி ஃபியூசிபிள் லிங்க்கோட (கரண்ட் அளவு மீறினா உருகி அறுந்துடற ஒயர்) இழுத்துட்டு, ஆம்ப் மீட்டரை பழைய லைட், ஹாரன் சர்க்யூட்டுக்கு மட்டும் விட்டோம். லைட் போட்டா முள்ளு ஒரு பக்கம் சாயும், சார்ஜ் ஆகறதை காட்டாது. இது எனக்கும் நியாயமான முடிவாத்தான் பட்டுச்சு.

பெட்ரோல் டேங்கை கழட்டி சுத்தம் பண்ணி, உள்ள தடுப்பு வச்சு, டேங்குக்குள்ளயே மூழ்கற பம்ப். இன்ஜெக்ஷன் பிரஷர் தாங்கற, 30ஆர்9 முத்திரை போட்ட ஹோஸ், அதுக்குன்னு வர்ற கிளாம்ப், ரிட்டர்ன் லைன் டேங்க் வரைக்கும். ஈசிஎம் ஓட்டற பம்ப் ரிலே, அதோட மோதினா கட் ஆகற இனர்ஷியா சுவிட்ச் ஒண்ணு. பழைய டெம்பரேச்சர் மீட்டருக்கு தனியா ஒரு ஒத்தை ஒயர் சென்சார்.

ஈசிஎம் எங்க வைக்கறதுன்னு யோசிச்சப்போ தரையில இருந்து எவ்வளவு உயரம்கறதுதான் முதல் கேள்வியா வச்சோம், சென்னையில வேற எப்படி யோசிக்கறது. டேஷ்போர்டுக்கு பின்னாடி மேல, கப்ளர் கீழ பாத்த மாதிரி, ஒயர் ஒரு வளைவு கீழ தொங்கி மேல ஏறற மாதிரி, ஒயர் வழியா தண்ணி வந்தா வளைவுல சொட்டிடும். ரிலே பாக்ஸை ஃபயர்வால்ல மேல வைக்கலாம்னாரு மாஸ்டர். பானெட் திறந்தா பழைய தோற்றம் கெடக்கூடாதுன்னு ஓனர் சீட்டுக்கு அடியில கேட்டார், அப்படியே வச்சோம்.

என்ன நடந்துச்சு

முதல் செல்ஃப்லயே பிடிச்சுது. திரும்ப அளந்தோம். பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் 0.12 வோல்ட். செல்ஃப் அடிக்கறப்போ பேட்டரியில 10.5, ஈசிஎம்ல 10.2. லைட், ஹாரன், வைப்பர் எல்லாம் போட்டும் ஐடில் ஆடல. கூலன்ட் சூடு ஒழுங்கா ஏறுது. கோட் அழிச்சதுக்கு அப்புறம் ஒண்ணே ஒண்ணு மட்டும் திரும்பி வந்துச்சு, ஸ்பீடு சிக்னல்.

அது நிஜமான கோட். டோனர் வண்டி, அதாவது இந்த இன்ஜின் முதல்ல இருந்த ஜிப்ஸியோட மீட்டர் போர்டு வழியா ஈசிஎம்முக்கு வர வேண்டிய சிக்னல், மீட்டர் போர்டே இந்த வண்டிக்கு வரல. இதனால என்ன ஆகும்னா, ஓடிட்டு வந்து கிளட்ச் மிதிச்சு நிறுத்தற நேரத்துல வண்டி நகருதா நிக்குதான்னு ஈசிஎம்முக்கு தெரியாது, ஐடிலை பிடிக்க லேட் ஆகி சில நேரம் இன்ஜின் ஆஃப் ஆகும். ஸ்பீடோ கேபிள் நடுவுல மாட்டற ஒரு பல்ஸ் சென்சார் ஜி.பி. ரோடுல வாங்கி மாட்டினோம், பழைய மீட்டரும் ஓடுது, ஈசிஎம்முக்கும் சிக்னல் போகுது. செக் லைட் அணைஞ்சுது.

அப்புறம் டிசம்பர் மாசம் மிக்ஜாம் புயல். வண்டி மாதவரம் பக்கம் ஒரு ஷெட்ல நின்னுட்டு இருந்துச்சு, தண்ணி கேபின் தரைக்கு மேல ஏறி சீட் அடிப்பலகை வரைக்கும் வந்துடுச்சு. தண்ணி வடிஞ்சதும் சாவியை தொடாதீங்கன்னு மாஸ்டர் போன்லயே சொல்லிட்டாரு, பேட்டரியை கழட்டச் சொன்னாரு, அதுதான் காப்பாத்துச்சு. ஈசிஎம் பக்கம் ஈரமே போகல. சீட்டுக்கு அடியில இருந்த ரிலே பாக்ஸ்ல சேறு. ரிலே, பேஸ் ரெண்டும் மாத்தி, இந்த தடவை ஓனரே ஃபயர்வால்ல மேல வைக்கச் சொல்லிட்டார். கியர் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில், பிரேக் எல்லாம் வழக்கமா பாக்கறதுதான், பாத்தாச்சு. எர்த் லக் எல்லாத்தையும் கழட்டி தேய்ச்சு திரும்ப முறுக்கினோம். 2024 கோடையில அளந்தப்போ பிளாக் எர்த் 0.15ல நின்னுச்சு.

ஆர்சி விஷயம்

இதை பல பேர் கடைசியில யோசிக்கறாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்சியில இருக்கற விவரம் தயாரிப்பாளர் குடுத்த ஒரிஜினல் விவரத்துக்கு மாறுபடற மாதிரி வண்டியை மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் கேரளா கேஸ் ஒண்ணுல இதை உறுதியா சொல்லிடுச்சு. 50 வருஷம் தாண்டின வண்டிக்கு 2021ல விண்டேஜ் பதிவு விதி வந்துச்சு, அதுலயும் சேஸிஸ், பாடி, இன்ஜின் மாத்தாம ஒரிஜினலா இருக்கணும். இந்த இன்ஜின் உள்ள இருக்கற வரைக்கும் அந்தப் பதிவுக்கு வழியில்ல.

ஓனருக்கு இதை வண்டி எடுத்த முதல் வாரமே சொல்லிட்டோம். அவர் முடிவு, வண்டி பொது ரோட்டுல ஓடாது. திருவள்ளூர் பக்கம் குடும்பத்துக்கு ஒரு மாந்தோப்பு இருக்கு, டிரெய்லர்ல ஏத்தி அங்க கொண்டு போயிட்டார், தோப்புக்குள்ள உரமும் காய் கூடையும் ஏத்தறதுக்கு ஓடுது. ஒரிஜினல் ஹரிக்கேன் இன்ஜினை விக்கல, ஆயில் ஊத்தி சுத்தி வச்சிருக்கார், ஹெட் ஒண்ணு கிடைச்சா கட்டி திரும்ப ஏத்தி விண்டேஜ் பதிவுக்கு போகலாம்னு. சேஸிஸ்ல வெட்டு விழாததும், பழைய வயரிங்கை நாங்க இன்ஜின் வயரிங்கோட கலக்காம தனியா விட்டதும் அதுக்கு உதவும்.

அடுத்த வண்டியில மாத்தப் போறது

இதே மாதிரி இன்னொரு பிக்கப் வேலை இப்போ பேச்சுல இருக்கு. அதுல இன்ஜின் வாங்கறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ கேள்வியை முடிச்சுடுவோம். வாங்கறப்போ இன்ஜின் மட்டும் இல்ல, வெட்டாத வயரிங் கிட், ஈசிஎம், ரிலே பாக்ஸ், மீட்டர் போர்டு, பெடல், டேங்க் பம்ப் எல்லாம் ஒரே டோனர் வண்டியில இருந்து வேணும். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாம ஸ்டார்ட் ஆக விடாத திருட்டுத் தடுப்பு) உள்ள இன்ஜின்னா சாவி, சாவி வளையம் சுத்தியிருக்கற காயில், கன்ட்ரோல் பெட்டி மூணும் ஈசிஎம்மோட ஜோடியா வரணும், ஒண்ணு விட்டாலும் செல்ஃப் அடிக்கும், ஸ்டார்ட் ஆகாது. கழட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கப்ளருக்கும் துண்டு சீட்டு கட்டி போட்டோ எடுக்கணும், ஒயர் கலர் வெளுத்துப்போன பிறகு படம் வச்சு தேடறது பெரிய வேலை.

இன்ஜின் இறங்கினதும் முதல்ல மாட்டப் போறது எர்த் கேபிள், அதை அளந்து 0.2க்குள்ள வந்தப்புறம்தான் ஈசிஎம் கப்ளரை மாட்டறது. ரிலே பாக்ஸ் சீட்டுக்கு அடியில போகாது, யார் கேட்டாலும். பம்ப் டேங்குக்குள்ள. வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னாடி, எர்த் டெஸ்ட்டை ஓனரே பண்ண கத்துக்கணும்னு மாஸ்டர் சொல்லியிருக்காரு, இந்த ஓனருக்கு தம்பி சொல்லிக் குடுத்துட்டான், தோப்புல ஒரு மல்டிமீட்டரும் வாங்கி வச்சிருக்கார்.